கலெக்டரைத் திருத்திய விதம்

எனக்குப் பூனைகளைப் பிடிக்கும். என்னைப் பற்றி ஒரு தப்பபிப்பிராயம் கிளம்பியிருப்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெண்கள் விடுதியில் வார்டனாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். வேலைக்காலம் முழுக்க ஒரு பெண்ணைக்கூடக் கை நீட்டி அடித்ததில்லை. அடியாத மாடு படியாது என்பார்கள். மாடு எப்படியோ, பெண்கள் படிவார்கள். பூனையும் படியும்.

கால் சுளுக்கிக்கொண்டதால் தம்பி வீட்டுக்கு வந்தேன். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் நான் விருந்தாளியாகவும் இருந்தேன், காலுக்கு மருந்தும் தடவிக்கொண்டிருந்தேன். ஆகவே ஆறு நாள் என்று கணக்கு வைத்துக்கொண்டேன்.

அந்த வீட்டில் ஒரு புது சோபாவும் ஒரு பூனையும் இருந்தன. பூனையின் பெயர் கலெக்டர். சோபாவின் நடுவில் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் மனு வாங்குகிற மாதிரி பார்ப்பதால் அந்தப் பெயர். தம்பி மனைவி அதைக் குட்டியாக இருந்தபோது மழையில் நின்ற ஒரு காருக்கு அடியிலிருந்து எடுத்து, மருந்துக் குழாயில் பால் புகட்டி வளர்த்தவள். பிள்ளை என்றே சொல்வாள். அந்தப் பிள்ளை சோபாவின் வலது கையை நார் நாராகக் கிழித்து வைத்திருந்தது.

"இது சோபாவா, துடைப்பமா?" என்றான் தம்பி.

"அண்ணி, நீங்க ஒரு விடுதியையே கட்டி மேய்ச்சவங்க. இந்த ஒண்ணை உங்களால திருத்த முடியாதா?" என்றாள் அவள்.

ஓய்வு பெற்றபின் என்னிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. உப்பு எங்கே இருக்கிறது என்றுகூட யாரும் கேட்டதில்லை, கேட்க என் வீட்டில் ஆள் இல்லை. அந்தக் கேள்வி எனக்கு எவ்வளவு இனித்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள்.

பூனை கொழுப்பெடுத்துப் போய்க் கீறுவதில்லை. பழைய நகத்தோலை உதிர்க்கக் கீறுகிறது, முதுகை நீட்டி முறிக்கக் கீறுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, இது என் இடம் என்று எழுதி வைக்கக் கீறுகிறது. அது நியாயமான ஆசைதான். அதற்கு எழுத வேறு பலகை கொடுக்க வேண்டும், அவ்வளவே. கனமான ஒரு மரக்கட்டையில் கயிறு சுற்றச் சொல்லி, அதை சோபாவின் கைக்கு அருகிலேயே நிறுத்தினேன். மூலையில் ஒதுக்கி வைத்தால் எந்தப் பூனையும் சீந்தாது. சோபாவின் கையில் இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப்பை ஒட்டினேன், பக்கத்தில் எலுமிச்சைத் தோல் வைத்தேன், நகங்களின் நுனியை வெட்டிவிட்டேன். கட்டையைக் கீறினால் ஒரு துண்டு மீன். சோபாவைக் கீறினால் திட்டு இல்லை, மீனும் இல்லை.

கலெக்டர் திருந்திவிட்டது. நான் நினைத்ததைவிடச் சீக்கிரம் திருந்திவிட்டது. அங்கேதான் சிக்கல்.

தம்பி பரணிலிருந்து என் பெட்டியை இறக்கித் தூசி தட்டினான். "அக்கா, உனக்கும் உன் வீட்டை எப்படா பாப்போம்னு இருக்கும்" என்றான். அன்பாகத்தான் சொன்னான். என் வீட்டில் தினமும் ஒரு தட்டுதான் நனையும். குழாய் சொட்டினால் அடுத்த அறையில் கேட்கும். எனக்கு அங்கே திரும்பிப் போகப் பயமாக இருந்தது. காரணம் அதுதான், வேறு பெரிதாக எதையும் தேட வேண்டாம்.

மறுநாள் மதியம் இருவரும் வேலைக்குப் போனபின் சமையலறையிலிருந்து ஒரு முள்கரண்டியை எடுத்தேன். பூனை பின்னங்கால்களில் எழுந்து, உடம்பை நீட்டி, மேலிருந்து கீழாக இழுக்கும். நான் மண்டியிட்டு, அதே உயரத்தில், அதே மாதிரி இழுத்தேன். கலெக்டர் கட்டையருகே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. தொழில் தெரிந்த ஒருவரின் பார்வை அது.

சாயங்காலம் தம்பி தலையில் கை வைத்துக்கொண்டான். "அண்ணி, இன்னும் கொஞ்ச நாள் இருங்க" என்றாள் அவள். பெட்டி மறுபடி பரணுக்கு ஏறியது. அதன்பிறகு அந்தப் பெட்டி எப்போதெல்லாம் இறங்கியதோ, அப்போதெல்லாம் கலெக்டரின் புத்தியும் இறங்கியது.

தப்பு நடந்தால் தண்டனை நடக்க வேண்டும். குளியலறையில் அதை வைத்து நானே கதவைச் சாத்துவேன். வெளியே விடும்போது தம்பி மனைவி அதன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "ஏண்டா இப்படிப் பண்றே? அத்தை எவ்வளவு பாடுபடறாங்க" என்பாள். கலெக்டர் அவளைப் பார்க்கும், பிறகு என்னைப் பார்க்கும். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று சொல்வார்கள். அவை இரண்டும் ஒரே இடத்தில் இருந்தால்தான் பிரச்சினை என்பது என் அனுபவம்.

விடுதியிலும் அப்படித்தான். காவலாளி போதும், வார்டன் எதற்கு என்று நிர்வாகம் பேச ஆரம்பிக்கும்போதெல்லாம் ஏதாவது ஒழுக்கக்கேடு நடந்துவிடும். பின்கதவு திறந்து கிடக்கும். சாவி யாரிடம் இருந்தது என்று அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஒரு பெண்ணை மட்டும் வீட்டுக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. நன்றாகப் படிக்கிற பெண். பெட்டியோடு வாசலில் நின்று எனக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் போனாள்.

கடைசியில் தம்பிக்குப் பொறுமை போய்விட்டது. அவன் சிநேகிதன் ஒருவனின் அச்சகத்தில் எலித்தொல்லை. கூடையில் கலெக்டரும், கையில் கயிற்றுக்கட்டையுமாகப் போனான். தம்பி மனைவி சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அழுகை வெளியே கேட்கக் கூடாதாம். நான் போய் முதுகைத் தடவிக் கொடுத்தேன். "விடும்மா. திருந்தாததை வச்சுக்கிட்டு என்ன பண்றது?" என்றேன். அவள் என் தோளில் சாய்ந்துகொண்டாள். அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த நல்ல பொழுதுகளில் அது ஒன்று.

அச்சகக்காரர் போன் செய்தார். "உங்க பூனை தங்கமுங்க. கட்டையைத் தவிர எதையும் தொடறதில்ல. இவ்வளவு காகிதம் கிடக்குது, ஒரு கீறல் இல்ல." தம்பி புருவத்தைச் சுருக்கினான். எனக்கு உள்ளூரப் பெருமையாக இருந்தது. திருத்தியது நான்தானே.

சோபாவுக்குப் புதுத் துணி போட்டார்கள். அந்தச் சனிக்கிழமை காலை தம்பி பெட்டியை இறக்கி வைத்துவிட்டு மனைவியோடு கடைக்குப் போனான். பெட்டி இறங்கிய சத்தம் கேட்டதுமே என் கை முள்கரண்டிக்குப் போய்விட்டது. பழக்கதோஷம். புதுத் துணி, நல்ல இழுவை. என் கைவேலையிலேயே சிறந்தது அதுதான் என்பேன். கரண்டியைக் கழுவித் துடைத்து வைத்துவிட்டு, தேநீர் போட்டுக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்தேன்.

இருவரும் வந்தார்கள். தம்பி மனைவி சோபாவைப் பார்த்ததும், "டேய் கலெக்..." என்று ஆரம்பித்தாள். பாதியில் நின்றுவிட்டாள்.

இருவரும் சோபாவைப் பார்த்தார்கள். கட்டை நின்ற இடத்தைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்கிற முகத்தை வைத்துக்கொள்ள எனக்கு நன்றாகவே தெரியும். ஆனால் அப்போது வைத்துக்கொள்ளவில்லை.

"நான்தான்" என்றேன். "எல்லாமே நான்தான். ஆரம்பத்துல கிழிச்சது மட்டும் அது."

அவள் கூடையை எடுத்துக்கொண்டு அச்சகத்துக்குக் கிளம்பிவிட்டாள். தம்பி என் பெட்டியைத் தூக்கி வாசல் பக்கம் வைத்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டான். கோபமாக இருந்திருக்கலாம், அழுகையாகவும் இருந்திருக்கலாம்.

"உக்காருடா" என்றேன். "கோபத்துல முடிவெடுக்காதே. கீறுறது யாருன்னு இப்பத்தான் தெரிஞ்சிருக்கு. வயசான ஆளு, சட்டுனு படியாது. பக்கத்துலயே வச்சுக்கிட்டுப் பொறுமையா திருத்தணும்."

 நான் சொன்னது உண்மை. வீட்டைவிட்டு அனுப்பிவிட்டால் யாரும் திருந்துவதில்லை. இத்தனை வருஷ அனுபவத்தில் நான் ஒருவரையும் அப்படி அனுப்பச் சம்மதித்ததே இல்லை.