மரத்துக்குப் பாடுகிறவள்

லண்டனில், டூட்டிங்கிலிருந்து மிட்சமுக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். இளையவர் மடியில் கேசட் போட்ட ஒரு வோக்மன். நான் பத்திரிகை வாசிப்பதுபோல் இருந்தேன்.

“என்ரை மகள் மரங்களுக்குப் பாட்டுப் படிக்கிறாள், அக்கா.”

“மரத்துக்கோ?”

“ஓம். மரம், நிலா, கொம்பு வைச்ச ஒரு சாமி. நாலு வெள்ளைக்காரப் பிள்ளையளோடை கிற்றார் அடிச்சுப் பாடித் திரியுறாள்.”

“எங்கடை ஆக்களும் வேப்பமரத்தைக் கும்பிடுறவைதானே.”

“அதைத்தான் தகப்பனிட்டை நானும் சொன்னனான். அவர் கேக்கேல்லை, வீட்டை விட்டுக் கலைச்சுப்போட்டார். எட்டு மாசமா ஒரு ரெலிபோனும் இல்லை. போன கிழமை தபாலிலை இந்தக் கேசட் மட்டும் வந்தது.”

மூத்தவர் ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டார். கிற்றார் தொடங்கியிருக்க வேண்டும், தலையை மெல்ல ஆட்டினார். உடனே இளையவர் நிறுத்தி, கேசட்டைப் பின்னால் ஓட்டி, மறுபடி போட்டார். பிறகும் அப்படியே செய்தார்.

“பாட்டைக் கேக்க விடன், பிள்ளை.”

“பாட்டு எனக்கு விளங்காது, அக்கா. அதுக்கு முதல் ஒருக்கா இருமுறாள், கேட்டனீங்களோ? கொத்தமல்லி அவிச்சுக் குடுக்க அங்கை ஆரும் இருக்கினமோ தெரியாது.”