நாற்பத்தேழாம் நம்பர் செல்

— நாப்பத்தேழு உன் நம்பருன்னு நீதானேண்ணா போன்ல சொன்னே? மாரிகுப்பம் ரத்த கேம்ப் அன்னைக்கு?

— அதான் பாரேன், ஆமாம். இதைக் கேக்கவா பெங்களூர்லேர்ந்து மொதோ ரயில்ல ஓடியாந்தே தேவிகா? அந்தக் குண்டானை நகத்திட்டு உக்காரு. உன் அண்ணி உள்ள காபி போட்றா.

— அந்த கேம்ப்ல எடுத்த ஒவ்வொருத்தர் ரத்தத்திலேர்ந்தும் எங்க லேப்ல செல் எடுத்து வளத்திருக்கோம். அதுங்க மேல கொரோனா வைரஸை விட்டோம். மத்த செல்லுலல்லாம் ரெண்டே நாள்ல ஒண்ணு ஆயிரமா பெருகிடுச்சு. நாப்பத்தேழுல மட்டும் உள்ள போச்சு, அப்படியே நின்னுடுச்சு. மூணு தடவை செஞ்சு பாத்தாச்சு.

— அதான் பாரேன், நம்ம ஒடம்பு அப்படி.

— உன் ஒடம்பா? பதினாலு நாள் கொரோனாவுல படுத்துக் கெடந்தது யாரு? அது ஆம்பளை செல்லே இல்லண்ணா.

— இன்னா ஒளர்றே?

— ஜீனைப் படிச்சாச்சு. பொம்பளை. என் ரத்தத்தோடவும் வெச்சுப் பாத்தோம், ஒட்டே இல்ல.

— நர்ஸு நம்பரை மாத்தி ஒட்டியிருப்பாங்க.

— எங்க மேடமும் அப்படித்தான் நெனைக்கறாங்க. யாருதுன்னு தெரியாத செல்லை வெச்சுக்கக் கூடாது, அந்த ஆளே சம்மதம் குடுக்கணும். இல்லன்னா திங்கக்கெழமை அழிச்சுடுவாங்க. ரெண்டு வருஷ வேலைண்ணா. இப்படி ஒண்ணு மறுபடி கெடைக்குமோ இன்னாவோ. நெசத்தைச் சொல்லு. ஒருத்தன் டோக்கன்ல இன்னொருத்தன் கேஜ் லிஃப்ட்ல எறங்கற பழக்கம், சுரங்கம் மூடியும் நம்ம ஊரைவிட்டுப் போகலையா?

— சரி, விடு. எனக்கு ஊசின்னா பயம். ராதாவை அனுப்பிட்டேன். ஃபாரத்துல என் பேரு, கை அவளோடது. நர்ஸு டோக்கனை மட்டும்தான் பாத்தாங்க.

— அண்ணியா? கொரோனாவுல போன அப்பாவைக் கடைசி வரைக்கும் பாத்துகினது அவங்கதானே. ஒரு தும்மல்கூட வரலையே அவங்களுக்கு.

— வரலைன்னுதானே பேசுனாங்க. பேத்தமங்களா கல்யாணத்துக்குப் போயி அவதான் காய்ச்சலைக் கொண்டாந்தான்னு இந்தக் கடைத்தெருவே சொல்லுச்சு. அதுக்கப்புறம் பொறந்த வீட்டுப் பக்கமே அவ போறதில்ல.

— காபி ஆறிடப் போவுது, எடுத்துக்கங்க. கேட்டுகினுதான் வந்தேன். எங்க கையெழுத்துப் போடணும் தேவிகா?

— ஸ்வல்ப இருங்க அண்ணி, அவசரமில்ல, படிச்சுட்டுப் போடுங்க.

— ஒண்ணே ஒண்ணு சொல்லு. நான் கொண்டாரலைன்னு ஆகுதா?

— பொய் சொல்ல மாட்டேன் அண்ணி. தட்டுல வளத்த செல்லை வெச்சு அதைச் சொல்ல முடியாது. ஆனா உங்க செல்லுல அது பெருகலை. ஏன்னு கண்டுபுடிச்சா வேற எந்த வீட்லயோ ஒரு மாமனார் எழுந்து உக்காருவாரு.

— அது போதும். பேனா குடு.

— அண்ணன் ஊசிக்குப் பயந்ததும் நல்லதாப் போச்சு.

— அவருக்கா பயம்? போன மாசம்கூட பக்கத்துல பாலகாட்ல யாருக்கோ ரத்தம் குடுத்துட்டு வந்தாரு. கொரோனாவுல செத்தவங்களோட ரத்த சொந்தம்தான் வேணும்னு கேம்ப்ல என்னைத் திருப்பி அனுப்பிட்டாங்க. மாமாவைக் கொன்னது நான்தானான்னு தெரியணும், உங்க டோக்கனைக் குடுங்கன்னு இவர்கிட்ட கேட்டு வாங்குனது நான்.