நிழல் வீட்டுக்குத் திரும்பிப் போனவள்

கடிகாரங்களைப் பழுதுபார்த்துப் பழுதுபார்த்து, காலத்தையே தம் சட்டைப்பைக்குள் போட்டு வைத்திருக்கும் தலைவர் அவர்களே! எனக்கு முன்பு பேசி, எனக்குப் பேச எதையும் மிச்சம் வைக்காமல் அமர்ந்த பெரியோர்களே! வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு வந்திருக்கும் தாய்மார்களே! நாளைக் காலை வறண்ட ஏரியைக் கடந்து நிழல் வாங்கப் போகும், இன்றுவரை நிழலே இல்லாத இளஞ்செல்வங்களே! முதல் வரிசை ஓரத்தில், யாரும் உட்காராத அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரே! உங்கள் அனைவரின் பாதங்களுக்கும், பாதங்களோடு ஒட்டிக்கொண்டிருப்பவற்றுக்கும் இந்தக் குடைக்காரியின் பணிவான வணக்கம்.

சிரிக்கிறீர்கள். நாற்காலிக்கு வணக்கம் வைக்கிறாளே, இவளுக்கு மறை கழன்றுவிட்டதா என்று பக்கத்தில் இருப்பவரைக் கிள்ளுகிறீர்கள். சிரியுங்கள், சிரியுங்கள். நான் பேசி முடிக்கும்போதும் இந்தச் சிரிப்பு மிச்சம் இருந்தால், உங்கள் எல்லோருடைய குடைக்கும் இலவசமாகக் கம்பி மாற்றித் தருகிறேன்.

நான் படித்தவள் இல்லை. மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்கியதில்லை. ஒதுங்குவானேன்? கையில்தான் குடை இருந்ததே! ஆகவே நான் ஏட்டில் படித்ததைச் சொல்ல வரவில்லை. என் கடையில், என் கண்ணெதிரே, பட்டப்பகலில் நடந்ததைச் சொல்ல வந்திருக்கிறேன்.

நம் ஊர்ப் பிள்ளைகள் நிழலில்லாமல் பிறக்கிறார்கள். நிழலில்லாமல் ஓடுகிறார்கள், ஒளிகிறார்கள், விழுகிறார்கள், அழுகிறார்கள். குரல் உடையும் வயதில், குழந்தைச் சட்டை குறுகிப்போகும் வயதில், ஏரிக்கு அப்பால் தன்னந்தனியாக நிற்கும் நிழல் வீட்டுக்குத் தன்னந்தனியாகப் போகிறார்கள். அங்கே துவைத்த துணிபோல் கொடி கொடியாக நிழல்கள் தொங்குகின்றன. காற்றே இல்லாத கூடத்தில் அவை ஆடுகின்றன. தனக்குரிய நிழல் இறங்கி வந்து குதிகாலில் ஒட்டும்வரை பிள்ளை நிற்க வேண்டும். ஒட்டியதும் ஓடிவந்துவிட வேண்டும். ஊர் எல்லைக்குத் திரும்பும்வரை வாய் நிறையக் கிணற்றுத் தண்ணீர். எதற்கு? அங்கே ஒரு சொல்கூடப் பேசக்கூடாதாம்! ஏன் பேசக்கூடாது? கேட்டால், "வாயை மூடு" என்பார்கள். அதைத்தான் அந்தத் தண்ணீரே செய்கிறதே, ஐயா!

என் அண்ணன் மகளும் அப்படித்தான் போனாள். அண்ணனை உங்களுக்குத் தெரியும். உங்கள் வீட்டுக் கதவுகளையெல்லாம் செய்த தச்சன். மழைக்காலத்தில் அவை மூடாமல் அடம்பிடிப்பதற்கும் அவனே பொறுப்பு. அதோ, முறைக்கிறான். முறைத்துக்கொள் அண்ணா, மைக் என் கையில் இருக்கிறது.

அவளுக்கு நாங்கள் வைத்த பட்டப்பெயர் மரியாதை. பூனை குறுக்கே வந்தால்கூட, "நீங்க முதல்ல போங்க" என்று ஒதுங்கி நிற்பாள். அப்படிப்பட்டவள் நிழலோடு திரும்பி வந்தாள். ஊரே கைதட்டியது. ஆனால் என் கண்ணுக்கு ஏதோ உறுத்தியது. காலையில் எல்லார் நிழலும் மேற்கே விழுந்தது, அவள் நிழலும் மேற்கே விழுந்தது. மாலையில் எல்லார் நிழலும் கிழக்கே திரும்பியது. அவளுடையது மட்டும் மேற்கேயே கிடந்தது. மேற்கே என்ன இருக்கிறது? ஏரி. ஏரிக்கு அப்பால்?

கடைக்கு இழுத்துவந்து கிழிந்த குடைகளுக்கு நடுவே உட்கார வைத்துக் கேட்டேன்.

"என்னடி பண்ணிட்டு வந்த?"

"ஒண்ணும் பண்ணல அத்தை. நிழல் இறங்கி வந்துச்சு, ஆனா ஒட்டல. குதிகால் முழுக்கப் புழுதி. அப்ப யாரோ குனிஞ்சு துடைச்சு விட்டாங்க. விரல் சில்லுனு இருந்துச்சு. பார்த்தா ஆளே இல்ல."

"அய்யோ! உடனே ஓடி வந்துட்டியா?"

"அதெப்படி அத்தை, உதவி பண்ணவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லாம வர்றது? தண்ணிய முழுங்கிட்டு, 'ரொம்ப நன்றிங்க, போயிட்டு வரேன்'னு சொன்னேன்."

"போயிட்டு வரேன்னா சொன்ன?"

"பின்ன, ஒரு வீட்டுல இருந்து கிளம்பும்போது 'போறேன்'னா சொல்லுவாங்க?"

"சரி... அதுக்கு?"

"'சரி, பார்த்திருப்பேன்'னு ஒரு குரல் கேட்டுச்சு."

அவையோரே! நாம் நாளொன்றுக்கு எத்தனை வாசலில் சொல்கிறோம், போயிட்டு வரேன், போயிட்டு வரேன் என்று! எந்த வாசலாவது நம்பியதா? எந்த வாசலாவது காத்திருந்ததா? அந்த வாசல் நம்பியது. அந்த வாசல் காத்திருந்தது. நாளுக்கு நாள் அவள் நிழல் நீண்டது. நிழல் நீள நீள அவள் குறைந்தாள். பெஞ்சில் உட்கார்ந்தால் பெஞ்சு முனகவில்லை. ஈர மண்ணில் நடந்தால் தடம் விழவில்லை. பெற்ற தாய் அடுப்படியில் நின்று கூப்பிடுகிறாள், "எங்கடி இருக்க?" அவள் தாய்க்குப் பக்கத்திலேயே நிற்கிறாள்! "இங்கதாம்மா இருக்கேன், இங்கதான் இருக்கேன்" என்று கதறுகிறாள். தாயின் காதில் விழவில்லை!

என்ன தம்பி? பின்னாலிருந்து ரொட்டிக்கடைத் தம்பி கேட்கிறார், "அப்புறம் என்னாச்சுக்கா, சீக்கிரம் சொல்லுங்க" என்று. உன் அடுப்பில் ரொட்டி கருகினால் கருகட்டும், உட்கார்.

அப்புறம் என் அண்ணன் தனக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்தான். தச்சனுக்கு என்ன வைத்தியம் தெரியும்? மகளை நிலைப்படியில் நிற்க வைத்து, நிழலின் ஓரத்தில் ஓர் ஆணியை அடித்தான். நீளாமல் நிற்குமாம்! அடித்தான், அவள் அலறினாள். ஆணியைச் சுற்றி மரத்தில் ஈரம் கசிந்தது. நான் தொட்டுப் பார்த்தேன். சூடாக இருந்தது.

ஆணியைப் பிடுங்கி எறிந்துவிட்டு அண்ணன் அழுதான். அப்போது அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"விடுங்கப்பா. வரேன்னு நான்தானே சொன்னேன். போய்ப் பார்த்துட்டு வந்துடறேன்."

"அங்க ரெண்டாவது தடவை போனவங்க யாரும் கிடையாதும்மா!"

"அதனாலதான்ப்பா அவங்க இன்னும் காத்துக்கிட்டிருக்காங்க."

போனாள்! வாயில் தண்ணீர் இல்லாமல் போனாள். நாங்கள் ஏரிக்கரையில் நின்று, வெயிலில் அவள் உருவம் கரைவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். தாய் மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். நான் குடையை விரித்து அவள் தலைக்குமேல் பிடித்தேன்.

உள்ளே அவள் கண்டது என்ன? கதவை ஒட்டித் தரையில் ஓரிடம் மட்டும் குழிந்து தேய்ந்திருந்ததாம், யாரோ காலங்காலமாக அங்கேயே நின்று வழி பார்த்ததுபோல. "வந்துட்டேங்க" என்றாளாம். கொடியில் ஆடிய நிழல்கள் அத்தனையும் ஆட்டத்தை நிறுத்தினவாம்.

"வந்துட்டியா?" என்றது அந்தக் குரல். "யாரும் வந்ததில்ல. வாய் நிறையத் தண்ணியோட வருவாங்க, எடுத்துக்குவாங்க, ஓடிடுவாங்க. உன்னப் பிடிச்சு வைக்கணும்னு இல்ல, தாயி. வரேன்னு சொன்ன ஆள் நீ ஒருத்திதான். அதான் உன்னையே பார்த்துக்கிட்டு இருந்தேன்."

"நீங்க அப்படிப் பார்த்துக்கிட்டே இருந்தா நான் கரைஞ்சு போயிடுவேங்க."

"தெரியாது. ஒருத்தரையே பார்த்துக்கிட்டு இருந்து எனக்குப் பழக்கம் இல்ல."

"எங்க அத்தை குடைக்கடையில எனக்கு வேலை கிடக்கு, இங்க இருக்க முடியாது. நீங்க வேணும்னா எங்க ஊருக்கு வாங்களேன்."

"வந்தா... எங்க உட்கார்றது?"

"முதல் வரிசையிலயே உட்காரலாம். யாரு கேப்பா?"

திரும்பி வந்தாள். தடம் பதிய வந்தாள், தரை அதிர வந்தாள். தாய் கூப்பிடும் முன்பே, "அம்மா" என்று அவள் கூப்பிட்டது ஏரிக்கரை முழுவதும் கேட்டது. அவள் நிழல் மற்றவர்களுடையதைப்போல் வெயிலுக்கு அடங்கி விழுந்தது. அதன் பக்கத்தில் இன்னொரு நிழலும் விழுந்தது. அதற்கு ஆள் இல்லை.

நான் பயந்தேனா? பயந்தேன். கடைக்கு வந்ததும் இரண்டு டம்ளரில் டீ ஊற்றினேன், அவளுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. என் டம்ளரை எடுக்கத் திரும்பினேன், காலி! அன்றிலிருந்து மூன்று டம்ளரில் ஊற்றுகிறேன்.

இப்போது ஏன் யாரும் சிரிக்கவில்லை? உங்கள் கதவு தட்டப்பட்டது. திறந்தீர்கள், யாரும் இல்லை என்று சாத்தினீர்கள். யார் என்று நினைத்தீர்கள்? ஆட்டுவார் இல்லாமல் உங்கள் வீட்டுத் தொட்டில் ஆடியது. அழுத பிள்ளை அடங்கியது. காற்று என்று நினைத்தீர்களா? அண்ணா, நீ அறுக்கும்போது பலகையின் மறுமுனை ஆடாமல் நிற்கிறதே, உன் கைராசி என்று நினைத்தாயா?

இளஞ்செல்வங்களே! வாசலில் தண்ணீர்க் குடம் வைத்திருக்கிறார்கள். அதிலிருந்து வாய் நிறைய எடுத்துக்கொண்டு, கொடுப்பவர் முகத்தைப் பார்க்காமல், ஒரு நன்றி சொல்லாமல், உங்களோடு சாகும்வரை வரப்போகிற ஒன்றைப் பறித்துக்கொண்டு ஓடுவீர்களா? அதற்குப் பெயர் வளர்வதா? அதற்குப் பெயர் திருட்டு! நிழல் ஒட்டியதால் ஒருவர் பெரியவர் ஆவதில்லை. சொன்ன சொல்லுக்குத் திரும்பி நடந்தாளே, அந்த நடையில் பெரியவள் ஆனாள் என் மருமகள்! கொட்டுங்கள் அந்தத் தண்ணீரை! குடத்தோடு கொட்டுங்கள்! பேசுங்கள்! ஆனால் ஒன்று, வருவேன் என்று சொன்னால் வாருங்கள். வரமுடியாது என்றால் நன்றி மட்டும் சொல்லுங்கள். அங்கே சொல் விளையாட்டுப் பொருள் இல்லை.

தலைவர் மணியைப் பார்க்கிறார். முடித்துவிட்டேன், ஐயா. நாளை நிழல் கொடுக்க ஆள் வேண்டுமே, அதனால் முதல் வரிசை ஓரத்தில் இருப்பவர் இன்றே கிளம்ப வேண்டும். அதோ, நாற்காலி கிரீச்சிட்டது. யாரும் எழுந்து ஓடாதீர்கள். விளக்குப் பக்கத்தில் நிற்கிறாளே என் மருமகள், அவள் ஓடுகிறாளா பாருங்கள்.

கேட்டதா? மெல்லத்தான் சொன்னார். "போயிட்டு வரேன்" என்றார்.

நம் ஊரில் ஒரு கதவும் அவருக்குச் சொல்லாத பதிலை, இன்று நாம் எல்லோரும் சேர்ந்து சொல்ல வேண்டும். என்ன, எல்லார் வாயிலும் தண்ணீரா? சொல்லுங்கள்! தாய்மார்களே, நீங்கள் ஆரம்பியுங்கள்! தலைவரே, நீங்களும்தான்!

"சரி, பார்த்திருப்போம்!"

ஆஹா, என் வயிறு குளிர்ந்தது. பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், பொல்லாத வாயைப் பொறுத்துக்கொண்ட அண்ணனுக்கும் நன்றி. கூட்டம் கலைந்ததும் நாற்காலிகளை மடக்கி அடுக்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: எல்லாவற்றையும் மடக்குங்கள், முதல் வரிசை ஓரத்தில் இருப்பதை மட்டும் அப்படியே விட்டுவிடுங்கள். வணக்கம்.