கடைசி வரை திருகிய ஊசி

என் பெயர் அன்னக்கிளி, வயது 26, தகப்பனார் பெயர் சுடலை. சொந்த ஊர் சாத்தான்குளம் பக்கம். தற்போது இருங்காட்டுக்கோட்டையில் பெண்கள் விடுதி ஒன்றின் ஆறாம் எண் அறையில் தங்கி, கார் உதிரிபாகக் கம்பெனியில் நட்டு முறுக்கும் லைனில் நான்கு வருடமாக வேலை செய்கிறேன். என் அறைத்தோழி சுகப்பிரியாவுக்கு நான் விஷ ஊசி போட்டதாக அவள் அண்ணன் சக்திகுமார் கொடுத்த புகாரின் பேரில், சப்-இன்ஸ்பெக்டர் தணிகாசலம் அவர்கள் இன்று 13.03.2026 அன்று விசாரிக்க, நான் சொல்வதாவது.

சென்ற மாதம் சக்திகுமார் தங்கைக்கு வரன் பார்த்தார். மாப்பிள்ளை வீட்டார் வருவதற்குள் பத்து கிலோ குறைய வேண்டும் என்று அவர் போனில் சொன்னதை நானும் கேட்டேன். அவருடைய தொப்பையைப் பற்றி இங்கே நான் ஒன்றும் சொல்லவில்லை. அதன் பிறகு சுகப்பிரியா கேன்டீன் சோற்றைப் பாதி மிச்சம் வைத்துப் பார்த்தாள். எட்டு மணி நேரம் நின்று வேலை செய்கிறவளுக்கு அது நடக்கவில்லை. அதன் பிறகு டாக்டர் சீட்டு இல்லாமல், தெரிந்தவர் மூலம், பசியைக் குறைக்கும் பேனா ஊசி ஒன்றை வாங்கி வந்தாள். தானே குத்திக்கொள்ளப் பயந்து என்னைப் போடச் சொன்னாள்.

ஞாயிறு காலை பத்து மணிக்குப் போட்டேன். பேனாவின் அடியில் அளவு வைக்கும் திருகு ஒன்று இருந்தது. எங்கள் லைனில் ரெஞ்சு கிளிக் என்றால்தான் நட்டு முறுகியதாகக் கணக்கு, அரைகுறையாக விட்டால் பாகம் ரிஜெக்ட். இதுவும் கிளிக், கிளிக் என்றது. அந்தப் பழக்கத்தில், இனி திரும்பாது என்கிற வரை திருகிக் குத்திவிட்டேன். கூட வந்த இங்கிலீஷ் தாளை இருவரும் படிக்கவில்லை. ஆழம் தெரியாமல் காலை விட்டேன்.

அன்று சாயங்காலமே வாந்தி ஆரம்பித்தது. செவ்வாய்க்கிழமை தண்ணீர்கூட வயிற்றில் நிற்காமல் லைனிலேயே விழுந்தாள். நான்தான் ஆம்புலன்ஸில் கூடப் போனேன். வல்லக்கோட்டை முருகனைக் கூப்பிட்டுக்கொண்டே போனேன். அதன் பிறகு அந்தப் பேனாவை டாக்டர் கையில் கொடுத்து நடந்ததைச் சொன்னேன்.

சாப்பிட்டதும் குடலில் சுரக்கும் ஒரு ஹார்மோன்தான் மூளைக்குப் 'போதும்' என்று சொல்கிறதாம். இந்த மருந்தும் அதே வேலையைச் செய்து, வயிறு காலியாவதையும் தாமதப்படுத்துமாம். தேவைப்பட்டவர்களுக்கு நல்ல மருந்துதான், ஆனால் சின்ன அளவில் தொடங்கி வாரக்கணக்கில் ஏற்ற வேண்டும், நீ கடைசி அளவை முதல் நாளே போட்டிருக்கிறாய் என்றார் டாக்டர். மூன்று நாள் குளுக்கோஸ் ஏறியது. நான் மூன்று நாளும் சரியாகத் தூங்கவில்லை.

"இன்னாமா, நீயே மாட்டிக்கினியே, ஓடிப்பூடலாம்னு தோணலியா?" என்று சப்-இன்ஸ்பெக்டர் கேட்டார். அவளை விட்டுவிட்டு எங்கே போவேன் என்றேன்.

இன்று காலை எட்டு மணிக்கு சுகப்பிரியா கண் திறந்து, "எக்கா, பசிக்கி" என்றாள். டாக்டர் இட்லி கொடுக்கலாம் என்றதும் நான் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். போன உயிர் திரும்பியது போல் இருந்தது. ஓடிப்போய் இட்லி வாங்கி வந்தவர் புகார் கொடுத்த சக்திகுமார்தான். இரண்டு போதும் என்று நர்ஸ் சொல்லியும் ஆறு வாங்கி வந்தார். அவள் ஒன்றரை தின்று நிறுத்தியபோது, "இன்னொண்ணு தின்னு பிள்ள" என்று கெஞ்சினார்.

இதில் உள்ளது யாவும் நான் சொன்னது, நடந்தது. படித்துக் காட்டக் கேட்டேன், சரியாக உள்ளது.

(ஒப்பம்) சு. அன்னக்கிளி