ஒளிர்ந்த குழி

ஹெல்வி: மணி ஏழு பத்து. நம்ம நீராவிக் குளியல் முறை ஏழுக்கே ஆரம்பிச்சாச்சு. இங்க தனியா வெந்துக்கிட்டிருக்கேன்.

தைமி: வந்துட்டேன்டி. கதவச் சாத்தவிடு... அப்பா, என்ன சூடு! சௌனாவா, செங்கல் சூளையா?

ஹெல்வி: பெரிய மனுஷி வர்றாங்களேன்னு ஏத்தி வெச்சேன்.

தைமி: ஆரம்பிச்சிட்டியா?

ஹெல்வி: நான் என்ன சொன்னேன்? யோர்மாவே உனக்குக் காபி ஊத்திக் குடுக்குறாரு. எட்டு வருஷத்துல நம்ம ஆய்வகத் தலைவர் எங்கிட்டப் பேசினத ஒரு தபால்தலை பின்னாடி எழுதிடலாம். உங்கிட்ட நேத்து ஒரே மூச்சுல அரைமணி நேரம்!

தைமி: எங்கிட்டப் பேசலடி. அந்த மருந்துகிட்டப் பேசினாரு.

ஹெல்வி: உன் மருந்து.

தைமி: ...கல்லு மேல தண்ணி ஊத்தட்டுமா?

ஹெல்வி: ஊத்து. ...ஆறாயிரம் சாம்பிள். ஆளுக்குப் பாதி. மூளையில குப்பை அள்ளுற என்சைம் சோம்பிக் கிடக்கு, அத எது தட்டி எழுப்பும்னு நானும் உங்கூடத்தான் தேடினேன். அது முழிச்சா, சோதனைத் தட்டுல அந்த மருந்து விட்ட குழி நீலமா ஒளிரும். எம் பாதியில ஒண்ணே ஒண்ணு ஒளிர்ந்துச்சா? எல்லாம் கரிச்சட்டி.

தைமி: எனக்கு அதிர்ஷ்டம். அவ்வளவுதான்.

ஹெல்வி: அதிர்ஷ்டமாம்! நாளைக்கு மருந்துக் கம்பெனி ஹெல்சிங்கிக்காரங்க வருவாங்க. பார்க்கின்சன் நோயாளிங்களுக்கு விடிஞ்சிருச்சுன்னு உன் கையப் புடிச்சுக் குலுக்குவாங்க. நிரந்தரமா இருக்குறது ஒரே வேலை. அது உனக்கு. நான் இந்த துர்க்கு ஊர விட்டுக் கெளம்பணும். எம் புள்ள ஈத்துவ எங்கயாவது புதுப் பள்ளிக்கூடத்துல சேக்கணும்.

தைமி: இன்னும் முடிவாகல.

ஹெல்வி: கான்டீன்ல பட்டாணி சூப் ஊத்துறவளுக்கே தெரியுது. "உங்க தோழி பெரிய ஆளாயிட்டாங்களே"ங்கறா. கரண்டியப் புடுங்கி...

தைமி: நான் என்ன செய்யணுங்கற? வேணாம்னு சொல்லணுமா?

ஹெல்வி: நீ எதுக்குச் சொல்லணும்? ...ஒண்ணு கேக்குறேன். என்சைம் போடாம, மருந்த மட்டும் வெச்சுப் பாத்தியா?

தைமி: இன்னும் இல்ல. யோர்மா திங்கட்கிழமை பாத்துக்கலாம்னாரு. ஏன்?

ஹெல்வி: நான் பாத்தேன்.

தைமி: ...எப்ப?

ஹெல்வி: மத்தியானம். நீ சாப்பிடப் போயிருந்த.

தைமி: யாரக் கேட்டு?

ஹெல்வி: அத விடு. ஒளிருது, தைமி.

தைமி: எது?

ஹெல்வி: மருந்தே. தானா. என்சைம் ஒரு சொட்டு இல்ல, அப்பவும் நீலம். எதையும் எழுப்பல அது. மின்மினியப் பாத்து விளக்குன்னு நெனச்சுட்டோம். நாளைக்கு அவங்க முன்னாடி நீ தலைகுனியக் கூடாதேன்னுதான்...

தைமி: நெசமாவா?

ஹெல்வி: நான் ஏன் பொய் சொல்லப் போறேன்? என்ன, அழறியா?

தைமி: வேர்வை. ...இல்லடி, சிரிப்பு வருது.

ஹெல்வி: எதுக்கு?

தைமி: அன்னிலேர்ந்து நெஞ்சுல முள்ளு. இனி சொல்லிடலாம். ஒண்ணுமில்லாததுக்கு என்ன சண்டை? நவம்பர்ல ஈத்துவுக்குக் காதுல சீழ்னு நீ வீட்டோட இருந்தியே...

ஹெல்வி: ஆமா. என் தட்டு நாலையும் நீதான் பாத்துக் குடுத்த. நாலும் இருட்டுன்ன.

தைமி: மூணுதான் இருட்டு. அந்த ஒளிர்ந்த குழி உன் தட்டுல இருந்துச்சு.

ஹெல்வி: தைமி.

தைமி: என் தட்டு ஒண்ண உன் பக்கம் தள்ளிட்டு அத நான் எடுத்துக்கிட்டேன். நல்ல ஆய்வுக் கட்டுரை உனக்கு, புருஷன் உனக்கு, புள்ள உனக்கு. இது ஒண்ணாவது எனக்கு இருக்கட்டுமேன்னு... கை தானாப் போச்சு.

ஹெல்வி: என் தட்டா?

தைமி: இனி யாரு தட்டா இருந்தா என்ன? மின்மினிதானே. நகரு... போன் வெளிய கோட்டுல இருக்கு. யோர்மாகிட்ட இப்பவே சொல்லிடறேன்.

ஹெல்வி: என்னன்னு?

தைமி: மருந்தத் தூக்கிக் குப்பையில போடுங்க, ஹெல்சிங்கிக்காரங்கள வரவேணாம்னுடுங்கன்னு. ஹெல்வி பாத்துச் சொன்னதாலதான் மானம் தப்பிச்சுதுன்னு உன்னப் பத்தியும் ரெண்டு வார்த்தை.

ஹெல்வி: இரு. உள்ள வா.

தைமி: மணி அடிக்குது.

ஹெல்வி: வெச்சுடு.

தைமி: எடுத்துட்டாரு... யோர்மா? ஆமா, தைமிதான்...

ஹெல்வி: வெச்சுடுடி... பொய் சொன்னேன். என்சைம் இல்லாம வெச்சப்ப அந்தக் குழி இருட்டாத்தான் இருந்துச்சு.