ஐவி ஆன்ட்டியின் ஆறு நிமிடம்

ரோஸ்லின் ஆன்ட்டி இறால் தொக்கில் மாங்காய் போடுவார். உங்கள் அத்தை சமையல் உங்களுக்குத் தெரியாததா, ரயான் அண்ணா? ஆனால் மாங்காய் போட ஆரம்பித்தது போன வருடம்தான். நீங்கள் டொரண்டோவில் இருந்தீர்கள். அதனால் சொன்னேன்.

என் நோட்டு உங்கள் கையில் இருப்பது நல்லதுதான். அதை வைத்தே பேசலாம். எனக்கு என் ஞாபகத்தின் மேல் அவ்வளவு நம்பிக்கை கிடையாது.

பகலில் உப்பல் ஏரியாவில் வேலை. மாலையில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் வகுப்பு. தூக்கம் மல்காஜ்கிரியில், உங்கள் வீட்டு மாடி அறையில். ஜூன் முதல் ஞாயிறு மதியம், உங்கள் அப்பா ஜெயகரன் அங்கிள் படிக்கட்டின் கீழே நின்று கூப்பிட்டார்.

"திருநாவுக்கரசு தம்பி, கொஞ்சம் வாங்க. நம்ம மேடத்துக்குத் திக்குவாய் வந்துடுச்சு."

மேடம் என்றது உங்கள் அம்மா ஐவி ஆன்ட்டியை. அவர் இறப்பதற்கு முந்தைய திருமண நாளில் நீங்கள் எடுத்த வீடியோ. டிவிக்குப் பின்னால் நீங்கள் பொருத்திவிட்டுப் போன சின்னக் கம்ப்யூட்டரில் இருந்தது. சத்தம் சீராக வரும், படம் மட்டும் நொண்டும். ஐவி ஆன்ட்டி கத்தியைத் தூக்குவார், அப்படியே நிற்பார், அடுத்த கணம் கேக் அங்கிள் வாயில் இருக்கும்.

"நாப்பது வருஷம் விடாம பேசினவ தம்பி. இப்பத்தான் நடுவுல மூச்சு விடுறா."

"நக்கோ, வேணாம் அண்ணா, போதும் கிண்டல்," என்றார் ரோஸ்லின் ஆன்ட்டி. சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

தன் விழித்திரை கெட்டுவரும் விஷயத்தையும் அங்கிள் அன்றே சொல்லிவிட்டார். மறைக்கவில்லை. "டாக்டர் கண்ணுக்கு இன்னும் ரெண்டு மூணு மாசம்தான்ங்கிறார். போன்ல பார்த்தா ஐவி கடுகளவு இருக்கா. இந்தப் பெரிய டிவியில ஒரே ஒரு தடவை முழுசா பார்த்துட்டா போதும். அப்புறம் கரன்ட் போனா போகட்டும்."

வகுப்பில் எங்கள் சார் இரண்டு விஷயம் சொல்வார். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மாற்றியதை எழுது. சரியானதும் அந்த மாற்றத்தை எடுத்துவிட்டுப் பார். பழுது திரும்பி வந்தால்தான் காரணம் அதுதான் என்று அர்த்தம்.

அப்படியே செய்தேன். தூசி தட்டினேன். கேபிளை மாற்றினேன். வீடியோவை வேறு டிஸ்க்கில் போட்டுப் பார்த்தேன். நான்காவதாக பிளேயரின் செட்டிங்கில் ஒரு டிக் விட்டுப்போயிருந்தது கண்ணில் பட்டது. அது இல்லாவிட்டால் கிராஃபிக்ஸ் சிப் சும்மா இருக்கும், பாரமெல்லாம் பிராசசர் தலையில். டிக் போட்டேன். பத்து விநாடி, தண்ணீர் மாதிரி ஓடியது. அங்கிள் கை கழுவப் போயிருந்தார். விதிப்படி டிக்கை எடுத்தேன். நொண்டியது. அந்த நேரம் பார்த்து ரோஸ்லின் ஆன்ட்டி சாப்பிடக் கூப்பிட்டார்.

அன்று அங்கிள் தன் ரயில்வே கதைகளைச் சொல்லச் சொல்ல எனக்குப் புரையேறியது. தலையில் தட்டிவிட்டார். இந்த ஊருக்கு வந்து எட்டு மாதத்தில் என் தலையில் கை வைத்த முதல் ஆள். நான் கிளம்பும்போது, "சரியாகிறவரைக்கும் ஒவ்வொரு ஞாயிறும் நம்ம வீட்லதான் சாப்பாடு, ஹவ்? சரிதானே?" என்றார்.

சரியாகிறவரைக்கும். யோசித்துப் பார்த்தேன். பத்து விநாடி ஒரு நிரூபணமா? என் மேலேயே எனக்குச் சந்தேகம் வருவது வழக்கம்.

இரண்டாம் ஞாயிறு அங்கிள் தூங்கும்போது டிக் போட்டு இரண்டு நிமிடம் பார்த்தேன். ஓடியது. எடுத்துவிட்டேன். 'மேலும் சோதனை தேவை' என்று எழுதியிருக்கிறேன் பாருங்கள். மூன்றாம் ஞாயிறு நண்டு. ஐந்தாம் ஞாயிறு என் பிறந்தநாள், ஆன்ட்டி கேக் செய்தார். நாங்கள் மூவரும் அவ்வளவு சிரித்தோம் அண்ணா, பக்கத்து வீட்டு உஷா அக்கா என்ன விசேஷம் என்று எட்டிப் பார்த்தார்.

நோட்டின் ஓரத்தில் இருக்கும் எண்கள் அங்கிளின் நாற்காலிக்கும் டிவிக்கும் உள்ள தூரம். முதலில் எட்டடி. ஆறாம் ஞாயிறு ஐந்து. எட்டாம் ஞாயிறு இரண்டு. நான் எதையும் எழுதாமல் விடுவதில்லை. ஒன்பதாம் ஞாயிறு, "ஐவி என்ன கலர் சேலை கட்டியிருக்கா?" என்று கேட்டார். மயில் பச்சை என்றேன். அதையும் எழுதியிருக்கிறேன்.

பதினோராம் ஞாயிறு அவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அன்று டிக் போட்டேன், எடுக்கவில்லை. ஆறு நிமிடம், ஒரு தடங்கலும் இல்லை.

"ஓடுதா தம்பி?" என்றார்.

"ஓடுது அங்கிள்."

கை தட்டினார். "சபாஷ்! நான்தான் சொன்னேனே ரோஸ்லின், தம்பி விடமாட்டார்னு." அன்று பிரியாணி.

நீங்கள் கோபப்படுவது புரிகிறது. ஆனால் நோட்டைக் கடைசிவரை படியுங்கள். படத்தில் மட்டும்தான் கை வைத்தேன். அந்தப் பதினோரு வாரமும் சத்தத்தை நான் தொடவே இல்லை. அங்கிள் இப்போதும் தினம் இரண்டு முறை போட்டுக் கேட்கிறார், ஐவி ஆன்ட்டி சிரிக்கும் இடத்தில் அவரும் சிரிக்கிறார்.

போன ஞாயிறிலிருந்துதான் சத்தம் கொஞ்சம் விட்டு விட்டு வருகிறதாம். வந்து பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். காரணம் தெரிந்த மாதிரிதான் இருக்கிறது, ஆனால் ஒரு ஞாயிறை வைத்து எதையும் முடிவு செய்துவிடக் கூடாது.