பச்சிரும்பு

ஒரு ஸ்க்ரூவின் தலையைப் பார்த்தாலே அதை முடுக்கினவன் எப்படிப்பட்டவன் என்று சொல்லிவிடலாம், ஐயா. தண்ணீர்ப் பம்பு செய்யும் பட்டறையில் இருபத்தாறு வருஷமாக ஃபிட்டராக இருக்கிறேன். அளவான ஸ்க்ரூ டிரைவரைத் தேடி எடுப்பவன் கை பட்ட தலை புதிதுபோல இருக்கும். கைக்குக் கிடைத்ததை எடுப்பவன் தொட்டால் எலி கடித்த மாதிரி இருக்கும். ரிப்பேர்க்காரர் திருப்பிக் கொடுத்த அந்த இரட்டைக்குழாய்த் துப்பாக்கியில் மூன்று ஸ்க்ரூவும் எலி கடித்த மாதிரிதான் இருந்தன.

அவரை லாக்கப்பில் வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். அவர் வேலை மோசம் என்று எந்தக் கோர்ட்டிலும் வந்து சொல்வேன். அதற்கு மேல் அவர் தலையில் எதையும் கட்டுவது நியாயமில்லை. அதற்காகத்தான் வந்தேன்.

துப்பாக்கி என் தங்கையின் வீட்டுக்காரருடையது. ஊருக்கு வெளியே அவருக்குப் பழத்தோட்டம் இருக்கிறது. காட்டுப்பன்றிகள் வேரைக் கிளறிப் போடுகின்றன என்று லைசென்ஸ் வாங்கி வைத்திருந்தார். எந்நேரமும் தோட்டா போட்டு, சேஃப்டியைப் பூட்டி, படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் சாய்த்திருக்கும். "நான் தோட்டா போட்டுட்டு வர்ற வரைக்கும் பன்னி காத்துக்கிட்டா இருக்கும்?" என்பார். சிரிக்கச் சிரிக்கப் பேசக்கூடிய மனிதர். தோளில் கை போடாமல் என்னை மச்சான் என்று கூப்பிட்டதில்லை.

அந்தக் கையால்தான் என் தங்கையை அடிப்பார்.

முதல் தடவை அவள் வந்தபோது உதடு கிழிந்திருந்தது. அடுத்த தடவை மணிக்கட்டு. அப்புறம் நான் எண்ணுவதை விட்டுவிட்டேன். எங்களுடையது இரண்டே அறை கொண்ட வீடு. அவள் வந்தால் என் மனைவி பக்கத்தில் பாய் விரிப்பாள். இரண்டு பேரும் பேசிக்கொள்ள மாட்டார்கள். நாலாம் நாள் அவர் வந்து நிற்பார். "வாடி, வீடே வெறிச்சுன்னு கெடக்கு" என்பார். அவள் பையைத் தூக்கிக்கொள்வாள்.

நான் எதுவும் செய்யாமல் இருக்கவில்லை. பெரியப்பாவிடம் போய்ச் சொன்னேன். "அடிக்கிற கைதாம்ப்பா அணைக்கும். புருஷன் பொண்டாட்டி நடுவுல நீ எதுக்கு?" என்றார். இதே ஸ்டேஷனுக்கு அவளைக் கூட்டி வந்தேன். உங்களுக்கு முன்னால் வேறு இன்ஸ்பெக்டர். படியில் விழுந்ததாக அவளே எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். ஒரு தடவை மாப்பிள்ளையின் சட்டையைக்கூடப் பிடித்தேன். அவர் என் கையை விலக்கவில்லை. "மச்சான், கை நடுங்குது பாருங்க" என்றார். நடுங்கத்தான் செய்தது. அதற்கும் அவள் என்னைத்தான் திட்டினாள்.

போன மாதம் துப்பாக்கியில் ஒரு குழாய் சுடவில்லை என்று ரிப்பேருக்குக் கொடுத்திருந்தார். ரிப்பேர் கடை எங்கள் பட்டறைத் தெருவில் இருப்பதால் என்னையே வாங்கி வரச் சொன்னார். வாங்கி வந்த அன்று மத்தியானம் பட்டறையில் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். ஸ்க்ரூ தலைகளைப் பார்த்த பிறகு உள்ளே எப்படி இருக்கிறது என்று பார்க்காமல் இருக்க என்னால் முடியவில்லை. பிரித்தேன்.

உங்களுக்குத் தெரிந்திருக்கும், ஆனாலும் சொல்கிறேன். துப்பாக்கியை மடக்கி மூடினால் உள்ளே ஒரு சின்னச் சுத்தியல் பின்வாங்கி நிற்கும். அதை ஒரு கொக்கி பிடித்திருக்கும். விசையை இழுத்தால் கொக்கி விலகும், சுத்தியல் தோட்டாவைத் தட்டும். சேஃப்டி என்பது விசையை மட்டும்தான் தடுக்கும். கொக்கி தானாக நழுவினால் சேஃப்டிக்கு அங்கே வேலையில்லை. உடைந்த கொக்கிக்குப் பதிலாக ரிப்பேர்க்காரர் புதிதாக ஒன்று செய்து போட்டிருந்தார். பதம் ஏற்றாத, அதாவது உலையில் காய்ச்சி இறுக்காத பச்சிரும்பு. முனை நேராக இல்லாமல் சரிந்திருந்தது. ஆட்டம் தெரியாமலிருக்க அடியில் ஒரு தகரத் துண்டு. எங்கள் பட்டறையில் ஒருவன் இப்படிச் செய்திருந்தால் அன்றே சீட்டுக் கிழிந்திருக்கும்.

தோட்டா இல்லாமல் மூடி, பின்கட்டையை மேஜையில் ஓங்கி இடித்தேன். நாலாவது இடியில் உள்ளே டக்கென்று சத்தம் கேட்டது.

அப்போது எனக்கு வந்த கோபம் வேலையின் மேல் மட்டும்தான். நேரே அவர் கடைக்குப் போனேன். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"பச்சிரும்புல கொக்கி செஞ்சிருக்கீங்களே, பதம் ஏத்தலையா?"

"உலை ரிப்பேரா கெடக்கு. உங்க மாப்பிள்ளை ஒரே அவசரம். கீழ போடாம வெச்சுக்கிட்டா ஒண்ணும் ஆகாது." கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டார். "மனசுக்குச் சரியாப் படலைன்னா வெச்சிட்டுப் போங்க. அடுத்த வாரம் மாத்தித் தரேன்."

"இல்ல, பரவாயில்ல" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்பீர்கள். வாய் சொல்லிவிட்டது. பட்டறைக்குத் திரும்பி நடக்கும்போதுதான் எனக்கே காரணம் புரிந்தது. அன்று சாயங்காலமே துப்பாக்கியைக் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

பிறகு இருபது நாள் எதுவும் நடக்கவில்லை. நடுவில் அவள் ஒரு தடவை வந்தாள். இடது காது கேட்கவில்லை என்றாள். என் மனைவி எண்ணெய் காய்ச்ச எழுந்தாள். நான்தான் வேண்டாம் என்று டாக்டரிடம் கூட்டிப் போனேன். உண்மையைச் சொல்வதானால், அந்த மூன்று நாளும் நான் நிம்மதியாக இருந்தேன். அவள் இங்கே இருக்கிறாள், அவர் அங்கே துப்பாக்கியோடு தனியாக இருக்கிறார். நடப்பது இப்போதே நடந்துவிடட்டும் என்று காத்திருந்தேன். நாலாம் நாள் அவர் முழுசாக வந்து வாசலில் நின்றார். வேண்டாம் போகாதே என்று நான் சொல்லலாம். ஏன் என்று கேட்பாள். அவளிடம் எனக்குப் பொய் வராது. அதனால் அவள் பையை நானே தூக்கிப்போய் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன்.

அதற்குப் பிறகு நடந்தது உங்கள் ஃபைலில் இருக்கிறது. காலையில் அறை பெருக்கியிருக்கிறாள். கதவுக்குப் பின்னால் பெருக்குவதற்காகத் துப்பாக்கியை எடுத்து இந்தப் பக்கம் நகர்த்தி வைத்திருக்கிறாள். குழாய் மேலே பார்த்து இருந்திருக்கிறது. அவள் குனிந்திருக்கிறாள். அவர் தோட்டத்தில் இருந்தார். ஓடி வந்து அவளை மடியில் போட்டுக்கொண்டு அழுதார் என்கிறார்கள். எனக்கு ஆச்சரியமில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். துப்பாக்கியை ஆராய்ந்த உங்கள் நிபுணர், கொக்கியின் முனையில் இரண்டு விதமான அரத் தடம் இருப்பதாக எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை என்றால் அவருக்கு வேலை தெரியாது. குறுக்கே கரடாக இருப்பது ரிப்பேர்க்காரருடையது. அதன் மேல் நீளவாக்கில், மெல்லிசாக மூன்று இழுப்பு இருக்கும். அது என்னுடையது. கீழே போடாமல் வைத்துக்கொண்டால் ஒன்றும் ஆகாது என்று அவர் சொன்னது உண்மைதான். நான் இழுத்த பிறகு, தரையில் கொஞ்சம் அழுத்தி ஊன்றினாலே போதும் என்று ஆகிவிட்டது. அதையும் சோதித்துப் பார்த்துத்தான் மூடினேன்.

அவள் சாக வேண்டும் என்று நான் ஒரு நிமிஷமும் நினைக்கவில்லை. கூடப் பிறந்தவள். நான் கொண்டுபோன அன்று அவர் வீட்டில் இல்லாததால் துப்பாக்கியை அவள் கையில்தான் கொடுத்தேன். கொடுக்கும்போதே, "இதை நீ தொடாதே, எதுவானாலும் அவரையே எடுக்கச் சொல்லு" என்று இரண்டு தடவை சொன்னேன். "சரிண்ணா" என்று வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், சரி சரி என்பாளே தவிர, நான் சொல்லி ஒன்றைக் கேட்டதில்லை. அதற்கு நான் என்ன செய்ய முடியும், ஐயா?